விருத்தாசலத்து இருபத்தோரு எழுத்து

2007 நவம்பரில், மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு வாரத்தில், நானும் நண்பன் ரகுவும் விருத்தாசலம் போய் வந்தோம். கோயிலுக்கு இல்லை. பழமலைநாதர் கோபுரத்தை ஆட்டோவிலிருந்து பார்த்ததோடு சரி. நாங்கள் போனது ஒரு கேசட்டைப் பார்க்க. பழைய வீட்டுக் கணினிகளைத் தேடி அலைகிறவர்கள் இந்தத் தளத்தைப் படிப்பதுண்டு என்பதால் வழி, செலவு எல்லாம் எழுதுகிறேன். ஆனால் பயணம் சந்தோஷமாக முடியவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். எண்பதுகளில் வீட்டு டிவியில் செருகி ஓட்டும் சின்னக் கணினிகள் இருந்தன. வட்டு எல்லாம் கிடையாது, பாட்டுக் கேட்கிற கேசட்டில்தான் நிரல் இருக்கும். அந்தக் கணினிகளில் சில பேர் எந்தப் பயனும் இல்லாத நிரல்களை எழுதினார்கள். விளையாட முடியாது, கணக்குப் போட முடியாது. ‘இந்தச் சின்னப் பெட்டியால் இதுவும் முடியும், பார்’ என்று படமும் வண்ணமும் ஓடும் எழுத்துமாகக் காட்டுவார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் டெமோ. வளர்ந்த ஆண்கள் இதற்காகச் சண்டை போட்டுக்கொள்வார்களா என்று என் மனைவி கேட்டாள். போட்டுக்கொள்வார்கள்.

எங்கள் மின்னஞ்சல் குழுவில் சுமார் பதினைந்து பேர். தமிழ்ப் பித்துப் பிடித்த ஒருவர் ‘நம்மை அதிகம் பாதித்த டெமோ எது?’ என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு மாதம் குழு அதிலேயே கிடந்தது. கடைசியில் ஒரு பட்டியல் போடுவது என்று முடிவாயிற்று. ரகு ஒரு விதியையும் சேர்த்தான். உறுப்பினர்கள் இரண்டு பேராவது, உண்மையான பழைய கணினியில், ஓடுவதைத் தங்கள் கண்ணால் பார்க்காத எதுவும் பட்டியலில் வராது. வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன். விதி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

அப்போதுதான், பட்டியல் பற்றி இந்தத் தளத்தில் படித்துவிட்டு, சாதிக் பாய் என்பவர் மடல் எழுதினார். விருத்தாசலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவர். அதற்கு முன்னால் குவைத்தில் இருந்தவர். தன் தம்பி அன்வர் எண்பத்தெட்டு தீபாவளிக்கு ஒரு டெமோ செய்ததாகவும், கடைத்தெரு டிவிக் கடையில் அது ஓடியபோது ஊரே நின்று பார்த்ததாகவும் எழுதியிருந்தார். கடைசி வரிகள் இப்படி இருந்தன: தம்பி பல வருடமாக மாடியை விட்டுச் சரியாக இறங்குவதில்லை. யாரோடும் பேசுவதில்லை. விவரம் தெரிந்த வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்து, அவன் டெமோவைப் பட்டியலில் சேர்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவான். கேசட் பத்திரமாக இருக்கிறது. வந்து பாருங்கள்.

ஒரு மனிதன் மாடியை விட்டு இறங்குவது எங்கள் பட்டியலில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் போகவே தயக்கமாக இருந்தது. ரகு மட்டும், “ஓடினால் சேர்ப்போம், ஓடாவிட்டால் இல்லை. இதில் என்ன இருக்கிறது?” என்றான்.

எழும்பூரில் மதியம் கிளம்பும் மதுரை வண்டியைப் பிடித்தோம். இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கை, முன்பதிவோடு ஆளுக்கு எழுபத்து நான்கு ரூபாய். இருநூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். மூன்றேகால் மணி நேரத்தில் போய்விடும் என்று நேர அட்டவணை சொல்லும். மழை நாளில் அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ரகு நாற்பத்தெட்டு கே நினைவகம் கொண்ட தன் பழைய கணினியைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தான். ரப்பர் விசைகள் கொண்ட கறுப்புப் பெட்டி, ஒரு கை அகலம்தான். என்னிடம் கேசட் பிளேயர், ஒயர்கள், பஞ்சு, ஸ்பிரிட் பாட்டில். டிக்கெட் பரிசோதகர் ஸ்பிரிட் வாசனையைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சண்டை தொடங்கியது. ரகுவின் கட்சி ஒரே கட்சி: ஓரத்தை உடைத்த டெமோ. அந்தக் கணினிகளில் படம் வரும் பகுதியைச் சுற்றி ஒரு சட்டம் மாதிரி ஓரம் இருக்கும். அங்கே ஒரே வண்ணம் பூசலாம், வேறொன்றும் முடியாது என்று கணினியைச் செய்தவர்களே சொன்னார்கள். ஐரோப்பாவில் எவனோ ஒருவன், நேரம் பார்த்து வண்ணத்தை மாற்றி மாற்றி, அந்த ஓரத்திலும் பட்டைகளை நெளிய விட்டுவிட்டான். உள்ளே நட்சத்திரங்கள் சாய்வாகக் கொட்டும். கீழே எழுத்து ஓடும். அதில் ஒரு சின்னப் பிசகும் உண்டு. சில நொடிக்கு ஒருமுறை பட்டைகள் விக்கல் எடுத்த மாதிரி ஒரு குலுக்கு குலுக்கும். ரகுவுக்கு அந்த விக்கல் என்றால் உயிர்.

“அந்த விக்கலைப் பார்த்துத்தான்டா நான் நிரல் எழுத வந்தேன். முடியாதுன்னு சொன்னத ஒருத்தன் செஞ்சு காட்டறான், அதுல ஒரு தப்பையும் விட்டு வச்சிருக்கான். நமக்கும் ஒரு இடம் இருக்குன்னு தோணுச்சு” என்றான்.

என் கட்சி வேறு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால் துள்ளிக்கொண்டே இருந்த பந்து டெமோவைத்தான் நான் சொல்லுவேன். நிரல் எழுதுகிற நாலு பேரைப் பாதிப்பது பெரிதா, தெருவில் போகிற நாலாயிரம் பேரை நிற்க வைப்பது பெரிதா? “வேடிக்கை பாக்கறவன் பார்த்துட்டுப் போயிடுவான். அவன் வாழ்க்கையில என்ன மாறிச்சு?” என்றான் ரகு. விழுப்புரத்தில் டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பேசினோம். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு, “அண்ணன் தம்பியா நீங்க? விட்டுக் குடுத்துப் போங்கப்பா” என்றார்.

விருத்தாசலத்தில் இறங்கும்போது நாலேகால். மழை கொட்டவும் இல்லை, விடவும் இல்லை. சந்திப்பிலிருந்து ஊருக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். செராமிக் பட்டறைகளின் களிமண் மழையில் கரைந்து சாலையோரமெல்லாம் வெள்ளைச் சேறு. அடுக்கி வைத்த குழாய்கள், மின்கம்பத்துப் பீங்கான்கள், தலை மட்டும் தெரிகிற பொம்மைகள், எல்லாம் ஒரே நிறத்தில் நனைந்துகொண்டிருந்தன. ஊர் முழுக்கச் சாம்பல் பூசினதுபோல் இருந்தது. எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது.

ஆட்டோக்காரரிடம் சாதிக் பாய் தெருவைச் சொல்லி, பக்கத்தில் லாட்ஜ் உண்டா என்று கேட்டதும், “டெமோ பாய் வூடா?” என்றார்.

“டெமோ பாயா?”

“அன்வர் பாய்ங்க. ஊருக்கே டெமோ பாய்னாதான் தெரியும். பெரிய மூளக்காரரு. மெட்ராஸ்லாம் போய் இருந்தாரு. எங்க வூட்டு டிவி ரிப்பேருன்னு போயி நின்னேன், கதவே தொறக்கல. பெரிய ஆளுங்கல்லாம் அப்பிடித்தான இருப்பாங்க.” ஐம்பது ரூபாய் கேட்டார். மழை இல்லாவிட்டால் முப்பதுக்கு வருவார்கள்.

பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜில் இரட்டைப் படுக்கை அறை இருநூற்றைம்பது. சுவரில் ஈரம் ஏறியிருந்தது, போர்வையில் நாற்றம். சொந்தப் போர்வை கொண்டு போங்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு சாதிக் பாய் வீட்டில் இருந்தோம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கைலி, வாசனைத் திரவியம். எங்களுக்காகவே புதுச் சட்டை போட்டிருந்தார் என்பது மடிப்பிலேயே தெரிந்தது. கூடத்தில் பழைய கலர் டிவியைத் துடைத்து, நாலு நாற்காலியை அதன் எதிரே வரிசையாகப் போட்டிருந்தார்.

“வாங்க தம்பி, வாங்க சார். பிரியாணி சொல்லியிருக்குது. மொதல்ல டீ குடிங்க” என்றார். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மேலதான் இருக்கான். நீங்க வரது தெரியாது. ஓடறப்போ அவனே சத்தம் கேட்டு வரட்டும்னு இருக்கேன்.”

கணினியை மாட்டுகிற நேரத்தில் அவரே கதையைச் சொன்னார். எண்பத்தாறில் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது கணினியைத் தம்பிக்கென்று வாங்கி வந்தார். அன்வர் அப்போது செராமிக் கம்பெனியில் டீ கப்புகளுக்குப் பூ வரைகிற வேலையில் இருந்தார். எண்பத்தெட்டில் டிவிக் கடைக்காரருக்கு ஒரு சங்கடம். கலர் டிவி விற்கவேண்டும், ஆனால் பகலில் ஒளிபரப்பே கிடையாது. வெறும் புள்ளி மழையைக் காட்டி எப்படி விற்பது? அன்வர் கணினியைக் கொண்டு போய் மாட்டினார். வண்ணம் ஓடியது, தமிழ் ஓடியது. கூட்டம் சாலை வரை நின்றது. கடைக்காரர் ‘நம்ம ஊர் அன்வர் செய்த கம்ப்யூட்டர் டெமோ’ என்று போர்டே வைத்துவிட்டார்.

“கடக்காரர் குவைத்துக்கு எனக்கு ஃபோன் போட்டு சொன்னாரு தம்பி. எனக்குத் தூக்கமே வரல. கப்புல பூ போட்டுக்கிட்டு இருக்கிற ஆளா இவன்? வேலைய வுடச் சொல்லிட்டு நான்தான் மெட்ராஸுக்கு அனுப்பினேன், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு. மூணு வருசம் இருந்தான். அங்க என்னமோ ஒத்துக்கல. திரும்பி வந்தவன் மேல ஏறினான், அவ்ளோதான். வெளியாளுங்க எல்லாருகிட்டயும் சண்ட, இல்லன்னா பேச்சே இல்ல. பிரவுசிங் சென்டர அவன் பேர்லதான் வச்சேன். ஒரு நாள் வந்து உக்காரல.”

முதல் முறை கேசட் ஏறவில்லை. நாடாவில் பூஞ்சை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நான் துடைத்தேன், ரகு விரலால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தான். சாதிக் பாய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை அந்தக் கீச்சுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது, திரையின் ஓரத்தில் கோடுகள் ஓடின. நாலைந்து நிமிடம் ஏறியது. பிறகு ஓடியது.

கறுப்பில் நட்சத்திரங்கள் சாய்வாகக் கொட்டின. கீழே தமிழ் ஊர்ந்து வந்தது: விருத்தாசலம் வாங்க வாங்க. கலர் டிவி பாருங்க. நல்ல நேரம் இன்று. வருக.

உண்மையிலேயே அழகான எழுத்து. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் ‘று’வின் காலை அப்படி வளைப்பது லேசில்லை. அந்தக் கணினியில் நாமாக வரைந்து சேர்க்கிற வடிவங்களுக்கு இருபத்தோரு இடம்தான் உண்டு. தமிழுக்கு இருபத்தோரு இடம் எந்த மூலைக்கு? ‘த’ வேறு, ‘த்’ வேறு, துணைக்கால் தனி. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த நாலு வாக்கியத்துக்கும் சரியாக இருபத்தொன்று. தீபாவளி விளம்பரம், ஆனால் அதில் தீபாவளி என்ற சொல்லே இல்லை. ‘தீ’க்கும் ‘ளி’க்கும் இடம் போதவில்லை. அதனால்தான் ‘நல்ல நேரம்’. ரகுவைத் தொட்டுச் சொல்லத் திரும்பினேன்.

ரகு எழுத்தைப் பார்க்கவே இல்லை. ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்தில் வண்ணப் பட்டைகள் நெளிந்துகொண்டிருந்தன. சில நொடிக்கெல்லாம் ஒரு விக்கல் எடுத்துக் குலுங்கின.

ரயிலில் ரகு எனக்கு வகுப்பு எடுத்த அதே விக்கல். அவனை நிரல் எழுத வைத்த அதே டெமோ. எவனோ ஐரோப்பியன் எழுதியதில், கீழே ஓடும் எழுத்து மட்டும் மாற்றப்பட்டிருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. சாதிக் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடி சார்? எத்தனாவது எடம் குடுப்பீங்க?”

ரகு வாயைத் திறந்தான். “யோசிச்சுச் சொல்றோம் பாய்” என்று நான் முந்திக்கொண்டேன். அதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், மெலிந்த உடம்பு, நரைத்த தாடி, பாதிப் படியில் நின்று டிவியைப் பார்த்தார்.

“பாத்தீங்களா, எறங்கி வந்துட்டான்!” சாதிக் பாய் எழுந்தே விட்டார். “அன்வரு, வாடா, வா. மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்காங்க, ஒன் டெமோவப் பாக்க. பட்டியல் போடறாங்களாம். ரொம்பப் பாதிச்ச டெமோ எதுன்னு.”

அன்வர் கடைசிப் படி வரை வந்தார். “எது?”

“அதாண்டா, ரொம்பப் பாதிச்ச டெமோ.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன். “அப்பிடின்னா மொத எடம் இதுக்குத்தாண்ணே. என்னப் பாதிச்ச மாதிரி வேற எவனையும் எந்த டெமோவும் பாதிச்சிருக்காது.”

சாதிக் பாய்க்குப் புரியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார். அன்வர் எங்கள் பக்கம் திரும்பினார். “எழுத்து மட்டும்தாங்க என்னுது. மத்ததெல்லாம் எவனோ வெள்ளக்காரன் வேல. அண்ணன் குவைத்துலேர்ந்து அனுப்புன கேசட்டுல இருந்துச்சு. எழுத்து இருக்கிற எடத்தக் கண்டுபுடிக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது.”

“அவன் எப்பவும் இப்பிடித்தான் தம்பி, தன்னடக்கம்” என்றார் சாதிக் பாய். “செஞ்சத ஒத்துக்கவே மாட்டான். நீங்க சொல்லுங்க சார். நீங்க விவரம் தெரிஞ்சவங்க. இவன் செஞ்சதுதான இது?”

“சொல்லுங்க சார்” என்றார் அன்வர். கெஞ்சுகிற குரல். “நான் சொன்னா இவரு நம்ப மாட்டாரு. நீங்களாவது சொல்லிட்டுப் போங்க.”

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ரகுவிடமிருந்து வேறு வேறு பதில் வேண்டும். எனக்கு அந்தக் கூடத்தை விட்டு ஓடிவிடவேண்டும் போலிருந்தது. ரகு டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “எழுத்து அவரோடதுதான் பாய். அது மாதிரி தமிழ் எழுத்தை நான் எதுலயும் பாத்ததில்ல. ஆனா பின்னால ஓடற டெமோ வேற ஆளுது. எனக்கு அது நல்லாத் தெரியும்.”

சாதிக் பாய் மெதுவாக உட்கார்ந்தார். நட்சத்திரங்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. யாருக்கும் அணைக்கத் தோன்றவில்லை.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லடா” என்றார்.

“சொன்னேண்ணே. கடையிலேர்ந்து ஃபோன்ல சொன்னேன். ‘அது வெறும் டெமோதாண்ணே’ன்னு சொன்னேன்.” அன்வர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “நீங்க, ‘டெமோவே இப்பிடின்னா நெசம் எப்பிடிடா இருக்கும்’னீங்க. லைன் கட்டாயிடுச்சு. அடுத்த மாசம் மெட்ராஸுக்கு டிக்கெட் வந்துச்சு.”

பிரியாணி வந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும்போது சாதிக் பாய் வாசல் வரை வரவில்லை, “போயிட்டு வாங்க” என்று உள்ளிருந்தே சொன்னார். அன்வர்தான் குடையோடு தெருமுனை வரை வந்தார். எதிரே சைக்கிளில் வந்தவர், “என்னா டெமோ பாய், அதிசயமா வெளியில?” என்றார். “சும்மாதாங்க” என்று பதில் சொன்ன அன்வரின் குரலில் கோபம் இல்லை. எங்களிடம், “தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தப் பேச்ச முடிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு” என்றார். ரகுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மதிய ரயில் போய்விட்டிருந்தது. சேத்தியாத்தோப்புக்கு டவுன் பஸ் ஏறி, அங்கே கும்பகோணம் – சென்னை பஸ்ஸுக்கு நின்றோம். வெள்ளாறு கரை முட்ட ஓடியது, வயல்களில் நாற்று தலை தெரியாமல் தண்ணீர். ஒரு மணி நேரம் நின்றோம். ரகு டெமோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் அப்படி நடந்ததே இல்லை. பஸ் வரும் நேரத்தில், “நான் பொய் சொல்லியிருக்கணுமாடா?” என்றான்.

“யார்கிட்ட?” என்று கேட்டேன். இரண்டு பேரில் யாரை நினைத்துக் கேட்கிறான் என்று உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

குழுவில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பேர் கண்ணால் பார்த்தாயிற்று என்பதால் ரகுவின் விதி தடுக்காது, ஆனால் மூல டெமோ ஏற்கனவே ரகுவின் பரிந்துரையாகப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கிறது. எழுத்தை மட்டும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவர், நாடாவை நகலெடுத்து அனுப்புங்கள், பிறகு பேசுவோம் என்கிறார். நானும் ரகுவும் எதுவும் எழுதவில்லை. எங்கள் சண்டையே எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. நிரல் எழுதுகிறவனா, வேடிக்கை பார்க்கிறவனா என்று ரயில் முழுக்கக் கத்தினோம். ஒரு டெமோ யாருடைய வாழ்க்கையையாவது தலைகீழாக மாற்றியிருந்தால் அது பெரிய டெமோ என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வாழ்க்கை எப்படி ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மழைக்காலத்தைத் தவிருங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது. சென்னைக்குத் திரும்பும் ரயிலைத் தவறவிட்டால் எங்களைப் போல சேத்தியாத்தோப்பு வழி வரலாம், மொத்தம் எழுபத்தெட்டு ரூபாய் ஆயிற்று. அரை நாள் மிச்சம் இருந்தால் ஸ்ரீமுஷ்ணத்துக்குத் தனியார் பஸ் இருக்கிறது, வராகப் பெருமாள் கோயில் மதியம் நடை சாத்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள். செராமிக் கப்புகள் வாங்குவதானால் பட்டறையிலேயே கேட்டு வாங்குங்கள், செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள், பைக்குள் துணி வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பழைய கேசட் கிடைத்தால் உடனே ஓட்டாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்னால், அதைச் செய்ததாகச் சொல்லப்படுகிறவரைத் தனியாகச் சந்தித்து, ஓட்டலாமா என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டு வெளியிடலாம் என்று இருந்தபோது சாதிக் பாய் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எங்கள் விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள், ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றார். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“நல்லா இருக்கான் தம்பி. கீழ வரான், வெளிய போறான். செராமிக் கம்பெனி பக்கம்கூடப் போயிட்டு வந்தான்.” பிறகு சொன்னார்: “நான்தான் மேல ஏறிப் போறதில்ல. முன்னல்லாம் கடைய மூடிட்டு வந்து தினம் போவேன். ‘எண்பத்தெட்டுல எவ்ளோ கூட்டம்டா’ன்னு ஆரம்பிப்பேன். இப்ப போயி என்ன பேசறதுன்னு தெரியல.”

ஏதாவது பேசுங்கள் பாய், நானும் ரகுவும் போடுகிற மாதிரி சண்டையாவது போடுங்கள் என்று உளறினேன்.

“நீங்களும் ரகு சாரும் போட்டுப்பீங்க. நானும் அவனும் ஒரு நாளும் சண்ட போட்டதில்ல தம்பி. இருவது வருசம் நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவன் கேட்டுக்கிட்டே இருந்தான்” என்றார். பிறகு கடையில் ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.